சீருடை களைந்த பின்னரும் தொடரும் பொறுப்பு

ஒருவன் தான் வகித்த பதவியைத் துறக்கும்பொழுது, அப்பதவியிலிருந்து செய்த செயல்களையும் துறந்துவிடுகின்றானா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. ஏனைய தொழிலினரைப் பொறுத்தவரை இவ்வினா பெரிதாக எழுவதில்லை. படைத்தலைவனின் நிலை வேறு. உயிரைப் பறிக்கும் அதிகாரத்தை அரசிடமிருந்து பெற்று, அதனை ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு நடத்தியவன் அவன். அவனே பின்னர் சீருடையைக் களைந்து அயல்நாட்டில் தன் நாட்டின் தூதுவனாகவும், அதன்பின் மேடையேறி மக்களிடம் வாக்குக் கேட்பவனாகவும் மாறுவானாயின், பழைய கணக்கு முடிந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

இலங்கையில் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2010ஆம் ஆண்டின் சனாதிபதித் தேர்தலில் வாக்குச்சீட்டைக் கையிலேந்திய வெள்ளவத்தை வாக்காளனும் கொட்டாஞ்சேனை வாக்காளனும் முன்னாள் இராணுவத் தளபதி ஒருவரின் பெயரை அதிற் கண்டனர். 2019இலும் 2024இலும் சீருடை அணிந்திருந்தோரின் பெயர்கள் மீண்டும் இடம்பெற்றன. எனவே, இவ்வினாவுக்கு விடை காண வேண்டியவர்கள் மெய்யியல் மாணவர் மட்டுமல்லர். வாக்குரிமையுடைய ஒவ்வொருவரும் ஆவர்.

படை, தூது, அரசியல் ஆகிய மூன்றும் அரசின் பணிகளே எனினும் அவற்றின் இயல்புகள் வேறு. திருக்குறள் தூதுக்கு ஓர் அதிகாரத்தையும் படைமாட்சிக்கு மற்றோர் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்திருப்பது இவ்வேறுபாட்டை உணர்ந்தமையினாலேயே எனலாம். படைவீரனின் மொழி கட்டளை. மேலிருந்து வருவதை ஏற்றுக் கீழுள்ளோருக்கு இடுவது அது. தூதுவனின் மொழி பிறர் தந்த சொல். தன்னை அனுப்பியவனின் கருத்தை அவன் பிறழாது உரைத்தல் வேண்டும். இவ்விருவரும் தம் செயலுக்குக் காரணம் கேட்கப்படும்போது, தம்மை ஏவிய அரசைச் சுட்டிக்காட்ட இயலும். அரசியல்வாதிக்கோ அந்த வசதி இல்லை. தன் பெயரால், தன் வாயால், தன்னை நம்புமாறு அவன் மக்களைக் கேட்கின்றான். ஆகவே, படையிலிருந்து அரசியலுக்கு வருதல் என்பது கட்டளையிடும் இடத்திலிருந்து பதிலளிக்கும் இடத்துக்கு வருதலாகும். அவ்விடத்துக்கு வந்தும் பதிலளிக்க மறுப்பவன் இடம் மாறினானேயன்றிப் பணி மாறினான் அல்லன்.

இலங்கை இராணுவம் 1949இல் நிறுவப்பட்டது. அதன் முதலிரு தளபதிகளும் பிரித்தானியர். அவர்களை அடுத்து, 1955 பெப்ரவரியில் அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் கொழும்பிற் பிறந்த தமிழரான அன்ரன் முத்துக்குமாரு ஆவார். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் ஒக்ஸ்போட்டிலும் கற்று, சட்டமும் பயின்றவர் அவர். 1959 இறுதிவரை தளபதியாக இருந்து இளைப்பாறிய பின்னர், பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1987இல் இலங்கையின் இராணுவ வரலாற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். அரசியலில் அவர் இறங்கவில்லை.

அவருடைய பதவிக்காலத்திலேதான் 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் 1958இன் இனக்கலவரமும் நிகழ்ந்தன. 1958 மே மாதத்தின் பிற்பகுதியில் வன்முறை மூண்டு பரவிற்று. மே 27ஆம் நாளிலேதான் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்புத் தமிழர் ஆயிரக்கணக்கில் றோயல் கல்லூரி முதலிய இடங்களில் அகதிகளாகத் தங்கி, பின்னர் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். படையின் உச்சியில் ஒரு தமிழர் இருந்தும், அரசின் ஆணை வரும்வரை படை தானாக இயங்கவில்லை. ஆணை வந்தபின் சட்டத்தின்படி இயங்கிற்று. தன் இனத்தார் தாக்கப்படும்போதும் குடிமை அரசின் ஆணைக்குக் காத்திருந்த தளபதியைச் சிலர் குறை கூறலாம். ஆயின், ஆணையின்றிப் படையை நகர்த்தும் உரிமையைத் தளபதிக்கு ஒருமுறை வழங்கிவிட்டால், அடுத்த முறை அவ்வுரிமையைக் கையாள்பவன் யார் என்பதை எவரும் அறியார். 1962 சனவரியில் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்க முயன்றமை அவ்வச்சம் வீணன்று என்பதைக் காட்டிற்று. முத்துக்குமாரு தூதுவரானபோது அவரைத் தொடர்ந்து எந்த வினாவும் கடல் கடந்து செல்லவில்லை. படை சட்டத்தின் ஏவலாளாக இருந்த காலத்தில் ஒரு தளபதி தூதுவராதல் எளிதாக இருந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே பாதையிற் சென்ற மற்றொருவரின் வாழ்க்கை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மேஜர் ஜெனரல் ஜானக பெரேரா உள்நாட்டுப் போரில் அரசபடையின் புகழ்மிக்க தளபதிகளுள் ஒருவர். 1995 யூலையில் வெலிஓயா முகாம்கள்மீது விடுதலைப் புலிகள் நடத்திய பெருந்தாக்குதல் அவருடைய தலைமையில் முறியடிக்கப்பட்டது. 2000 ஏப்பிரலில் ஆனையிறவு வீழ்ந்து யாழ்ப்பாணமும் கைநழுவும் நிலை தோன்றியபோது அதனைக் காப்பதற்கு அனுப்பப்பட்டவர்களுள் அவர் முதன்மையானவர். தென்னிலங்கையில் அவர் வீரர். ஆயின், வெலிஓயா எனப்படும் அப்பகுதியின் தமிழ்ப்பெயர் மணலாறு. 1984இல் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன; பின்னர் எழுந்த குடியேற்றங்களுள் ஒன்று அவர் பெயரால் ‘ஜனகபுர’ என வழங்கலாயிற்று. ஒரே நிலத்தில் ஒரு சாரார் ஒரு வீரனின் பெயரை வாசித்தனர். மறுசாரார் தாம் இழந்த வயலை நினைந்தனர்.

2001இல் அவர் இராணுவத்திலிருந்து இளைப்பாறி, அவுஸ்திரேலியாவுக்கான உயர் ஸ்தானிகராக நியமிக்கப்பட்டார். அங்கு வாழ்ந்த தமிழரும் மனித உரிமை ஆர்வலர் சிலரும் அந்நியமனத்தை வன்மையாக எதிர்த்தனர். 1996ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதாகிக் காணாமற்போயினர் என்பதும், அக்காலத்தில் அங்கு பொறுப்பு வகித்த அதிகாரிகளுள் அவரும் ஒருவர் என்பதும் அவர்கள் முன்வைத்த காரணங்கள். அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை. குற்றமற்றவர் எனவும் தீர்க்கவில்லை. ஏனெனில் விசாரணையே நடைபெறவில்லை. அவுஸ்திரேலியாவைத் தொடர்ந்து இந்தோனேசியாவிலும் அவர் தூதுவராக இருந்தார்.

பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்து, 2008 ஓகஸ்டில் நடைபெற்ற வடமத்திய மாகாணசபைத் தேர்தலில் அக்கட்சியின் முதலமைச்சர் வேட்பாளராக நின்றார். ஆளுங்கட்சி வென்றது, அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். தமக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்புப் போதாது என்று அவரும் அவருடைய கட்சியினரும் முறையிட்டிருந்தனர். 2008 ஒக்டோபர் 6ஆம் நாள், அநுராதபுரத்தில் கட்சி அலுவலகமொன்றின் திறப்பு நிகழ்ச்சியில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரால் அவரும் அவருடைய மனைவியும், அக்கட்சியைச் சேர்ந்த மருத்துவர் ராஜா ஜோன்புள்ளேயும் அவருடைய மனைவியும், மேலும் இருபதுக்கு மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே இதனைச் செய்தனர் என்று அரசு கூறிற்று.

இவ்வாழ்க்கையை முழுமையாக நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். காணாமற்போனவர்களின் தாயர் கேட்ட வினா ஒன்றுதான்: ‘எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது?’ சீருடையில் இருந்த காலத்தில் இராணுவ இரகசியம் அவ்வினாவைத் தடுத்தது. தூதரகத்தில் இருந்த காலத்தில் தூதுரிமை தடுத்தது. அரசியலுக்கு வந்தபோது அவர் நின்ற மாகாணத்தின் வாக்காளர் அதனைக் கேட்கவில்லை. இறுதியில், குண்டு அவ்வினாவை என்றென்றைக்குமாக மூடிவிட்டது. அவரைக் கொன்றவர்கள் தாம் தண்டனை வழங்கியதாக எண்ணியிருக்கலாம். உண்மையில், அவர் அறிந்திருந்ததை, அல்லது அறியாதிருந்ததை, அவர் வாயாற் கேட்கும் வாய்ப்பினைத் துயருற்றோரிடமிருந்து பறித்தவர்கள் அவர்களே. அருகில் நின்றோரின் உயிரைப் பறித்தமைக்கு எந்த நியாயமும் இல்லை என்பது ஒருபுறமிருக்க, பழி தீர்ப்பதும் மௌனத்தின் ஒரு வடிவமே என்பதும் இதனாற் பெறப்படும். பதிலளிக்கும் கடமையுள்ளவனைக் கொல்வது அக்கடமையிலிருந்து அவனை விடுவிப்பதாகும்.

ஈண்டு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. படைவீரன் அரசின் கருவி. போரை முடிவு செய்தவர்கள் அமைச்சர்கள். கருவியை வினாவி, அதனைக் கையாண்டவர்களை விடுத்தல் நீதியாகுமா என்று கேட்கலாம். இம்மறுப்பில் உண்மையுண்டு. பொறுப்பு கீழிருந்து மேலே செல்லுதல் வேண்டும், தளபதியோடு நின்றுவிடக்கூடாது. ஆயினும் அது தளபதியைத் தாண்டித்தான் மேலே செல்லவேண்டும்; அவனைச் சுற்றிச் செல்ல இயலாது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் யப்பானியப் படைக்குத் தலைமை தாங்கிய யமஷிற்றா, தம் படையினரின் கொடுமைகளைத் தடுக்கத் தவறியமைக்காக 1946இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வழக்கின் நடைமுறை நியாயமானதா என்பது பற்றி அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்களே கருத்து மாறுபட்டனர். எனினும் படைத்தலைவன் தன் கீழுள்ளோரின் செயலுக்கும் விடை கூறவேண்டும் என்ற கோட்பாடு அதன்பின் சட்டத்தில் வேரூன்றிற்று.

இதைவிட எளிய நியாயமும் ஒன்றுண்டு. தேர்தல் மேடையில் நிற்கும் தளபதி எதனைக் காட்டி வாக்குக் கேட்கின்றான்? தான் வென்ற களங்களைக் காட்டியே கேட்கின்றான். அக்களங்களும் அரசின் ஆணைப்படி நடந்தவையே. ஆயின் அவற்றின் புகழைத் தனக்குரியதாக்கிக் கொள்கின்றான். புகழைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றவன், பழியை மட்டும் அரசின் வாயிலில் இறக்கிவிட்டுச் செல்ல இயலாது. இரண்டும் ஒரே வண்டியில் வந்தவை.

தூதுவர்க்குரிய சட்டப் பாதுகாப்பையும் ஒருவர் சுட்டிக்காட்டலாம். 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் அப்பாதுகாப்பை வழங்குகின்றது என்பது மெய்யே. ஆயின் அவ்வுரிமைகளின் நோக்கம் தனிமனிதருக்கு நன்மை செய்வதன்று, தூதரகப் பணி செவ்வனே நடைபெறுவதே என்று அவ்வொப்பந்தத்தின் முகவுரை தெளிவாகக் கூறுகின்றது. போரின் இறுதிக்கட்டத்தில் வன்னியில் கட்டளைப் பொறுப்பு வகித்து, பின்னர் இராணுவத் தளபதியாகவும் பிரேசிலுக்கான தூதுவராகவும் இருந்த ஜெகத் ஜெயசூரியாவுக்கு எதிராக 2017 ஓகஸ்டில் தென்னமெரிக்க நாடுகளில் முறைப்பாடுகள் பதியப்பட்டன. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்து, பதவிக்காலம் முடிந்து நாடு திரும்பினார். போர்வீரர் எவர்மீதும் கைவைக்க விடமாட்டேன் என்ற கருத்துப்பட அன்றைய சனாதிபதி அறிவித்தார். 2025 மார்ச்சில் பிரித்தானியா அவர்மீதும் வேறு சிலர்மீதும் தடை விதித்தது. அயல்நாட்டின் தடை உள்நாட்டின் நீதிக்கு ஈடாகாது. ஆனால் உள்நாட்டில் வாயில் அடைபடும்போது மக்கள் அயல்நாட்டின் வாயிலைத் தட்டுவர் என்பதை அது உணர்த்துகின்றது.

ஜேர்மானிய மெய்யியலாளர் கார்ல் யஸ்பேர்ஸ், 1946இல் தம் நாட்டவரை நோக்கி எழுதிய நூலில் குற்றத்தை நால்வகையாகப் பகுத்தார். சட்டக் குற்றத்தை நீதிமன்றம் தீர்க்கும். அரசியற் பொறுப்பைக் குடிமக்கள் அனைவரும் சுமப்பர். ஒழுக்கக் குற்றத்துக்கு மனச்சாட்சியே நீதிபதி. நான்காவது, மனிதன் என்ற முறையில் இறைவன் முன் நிற்கும் குற்றம். இப்பாகுபாடு நமது சிந்தனைக்குப் பெரிதும் துணைபுரியும். ஒரு தளபதி சட்டப்படி குற்றமற்றவனாக இருக்கலாம். அதனால் அவனுடைய ஏனைய பொறுப்புகள் நீங்கிவிடா. அவ்வாறே, குற்றஞ்சாட்டப்பட்டமையால் மட்டும் ஒருவன் குற்றவாளியும் ஆகான். விசாரணை வேண்டும் என்று கேட்பது தண்டனை வேண்டும் என்று கேட்பதன்று. குற்றமற்ற தளபதிக்கும் விசாரணையே காப்பு.

இனி, வாக்காளனின் நிலையை நோக்கலாம். 2010 சனவரித் தேர்தலில் போரை நடத்திய சனாதிபதியும் போரை வென்ற தளபதி சரத் பொன்சேகாவும் எதிரெதிரே நின்றனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய தேர்தல் மாவட்டங்களில் அவரே கூடுதலான வாக்குகளைப் பெற்றார். ஓராண்டுக்கு முன்னர் தம்மீது எறிகணை பொழிந்த படையின் தலைவருக்கு மக்கள் எவ்வாறு வாக்களித்தனர் என்று வியந்தோர் உளர். அவ்வியப்பு வாக்கையும் மன்னிப்பையும் ஒன்றாகக் கருதுவதனால் விளைந்தது. வாக்கு என்பது அன்று கிடைத்த இரண்டனுள் ஒன்றைத் தெரிதல். மன்னிப்போ இழந்தவரின் உரிமை. அது இரகசிய வாக்கெடுப்பில் வழங்கப்படுவதன்று. கடனாளிக்கு வழிவிட்டு நிற்பவன் கடனைத் தள்ளுபடி செய்தவன் ஆகான்.

இந்த அளவுகோலைத் தமிழர் தம் பக்கத்துக்கும் பிடித்தல் வேண்டும். ஜானக பெரேரா கொல்லப்பட்ட மறுநாள், 2008 ஒக்டோபர் 7ஆம் நாள், விடுதலைப் புலிகளின் முன்னாள் கிழக்குத் தளபதி கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் பாராளுமன்ற உறுப்பினராகப் பதவியேற்றார், 2009இல் அமைச்சருமானார். சிறுவர்களைப் படையிற் சேர்த்தமை, 1990 யூனில் சரணடைந்த பொலிஸார் கொல்லப்பட்டமை முதலியவை குறித்து அவரை நோக்கி எழுந்த வினாக்களும் அவருடைய மறுப்போடு நின்றுவிட்டன. அப்பிள்ளைகளின் தாயரும் தமிழ்த் தாயரே. ஒரு சீருடைக்கு ஒரு நீதியும் மற்றொரு சீருடைக்கு வேறொரு நீதியும் கேட்போர் நீதி கேட்போர் ஆகார். வழக்கில் ஒரு தரப்பினரே ஆவர்.

அவ்வாறாயின், பொறுப்பை ஏற்பது எவ்வாறு அமையவேண்டும்? வரலாற்றில் அசோகனைப் பலரும் எடுத்துக்காட்டுவர். கலிங்கப் போரில் ஓரிலக்கம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலக்கம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டனர் என்று தன் வெற்றியின் விலையைத் தானே கல்லிற் பொறித்து வருந்திய வேந்தன் அவன். இது அரிய செயல். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அந்த வருத்தத்தைக் கூறும் பதின்மூன்றாம் சாசனம் கலிங்க நாட்டிலுள்ள தௌலி, யௌகட என்னும் இடங்களின் பாறைகளில் இடம்பெறவில்லை. வேறிடங்களில் கூறிய சொல்லை, இழந்தவரின் முன்னிலையில் வேந்தன் கூறவில்லை. மனம் வருந்துதல் ஒருபடி. இழந்தவரை நோக்கி அதனைக் கூறுதல் அதனினும் உயர்ந்த படி.

அவ்வுயர்ந்த படியைச் சிலப்பதிகாரத்திலே காணலாம். கோவலன் கொலையில் பாண்டியனுக்குச் சொல்லக்கூடிய சாக்குகள் பல இருந்தன. பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், வாளோச்சியவன் காவலன், திருடனைத் தண்டித்தல் அரசமுறை. இவற்றுள் எதனையும் அவன் இறுதிவரை பற்றிக்கொள்ளவில்லை. வாயிலில் ஒரு பெண் சினத்தோடு நிற்கின்றாள் என்று காவலன் அறிவித்தபோது, அவளை உள்ளே விடுக என்றான். அவள் கூறியதைக் கேட்டான். சிலம்பு உடைந்து சான்று வெளிப்பட்டதும் பிழை தன்னுடையதே என்று ஏற்றான். அவனுடைய இறப்பையே பலரும் போற்றுவர். அறவியல் நோக்கில் அதனினும் பெரிது, அவன் வாயிலைத் திறந்தமையாகும். இறந்திராவிடினும், அவளைக் கேட்டு, சான்றை நோக்கி, பிழையை ஏற்ற அளவிலேயே அவன் நீதிமானாக இருந்திருப்பான்.

2007 யூன் 7ஆம் நாள் அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. சில நாட்களில் அன்றைய பிரதமர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். வழக்கும் வினாவும் எழுந்தமையால் வந்த சொல் அது. சிறியதாயினும், கேட்டால் பதில் வரும் என்பதற்கு அது சான்று. கேட்கப்படாத வினாவுக்கு எந்தத் தளபதியும் தூதுவரும் அமைச்சரும் தாமாக முன்வந்து விடை கூறியதில்லை.

செம்மணியில் 2025ஆம் ஆண்டு தோண்டப்பட்ட மண்ணிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை யாருடையவை, யாரால் புதைக்கப்பட்டவை என்பதை முறையான விசாரணையே கூறவேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாயர், பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்; அவர்களுட் பலர் விடை அறியாமலே இறந்துபோயினர். சீருடையைக் களைந்து வாக்குக் கேட்டு வருவோர் எவராயினும், அவர்களிடம் முதலிற் கேட்கவேண்டியது அவர்கள் வென்ற களங்களின் பெயர்களையன்று. வாயிலில் நிற்கும் இத்தாயரை உள்ளே விடுவார்களா என்பதையே கேட்டல் வேண்டும்.